ஹார்மண்ட்ஸ்வொர்த் களஞ்சியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள்: மேற்கு லண்டன் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கு லண்டன் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகிகளுக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும்,

வணக்கம்.

ஆண்டுச் சுற்றுலாவுக்கு எங்கே போவது என்ற பேச்சு பாடசாலைகளில் எழும்போதெல்லாம் வின்சர் கோட்டை, ஏதாவதொரு கடற்கரை, விளையாட்டுப் பூங்கா என்று ஒரே பட்டியல்தான் வருகிறது. அவற்றில் எதையும் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகள் கடலில் காலை நனைத்துவிட்டு வரட்டும். அந்தப் பட்டியலில் நம் வீடுகளுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அந்த ஊர் ஹார்மண்ட்ஸ்வொர்த்.

பெயரைப் படித்ததும் உங்களில் சிலருக்கு நெஞ்சு ஒரு கணம் இறுகியிருக்கும். நம் சமூகத்தில் அந்தப் பெயர் தடுப்பு முகாமைத்தான் குறிக்கிறது. 1970 முதல் அங்கே குடிவரவுத் தடுப்பு நிலையம் இருந்து வருகிறது. புகலிடம் கேட்டு வந்த நம்மவர்கள் எத்தனையோ பேர் அதன் சுவர்களுக்குள் நாள்களை எண்ணியிருக்கிறார்கள். வழக்கறிஞரைத் தேடி அலைந்தது, பிணைக்கு ஆள் பிடித்தது, பார்வையாளர் அறையில் பேச வார்த்தை வராமல் உட்கார்ந்திருந்தது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கதைகளைப் பிள்ளைகளுக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பது அந்தந்தப் பெற்றோரின் முடிவு. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஓர் ஊரின் பெயர் நம் வீடுகளில் ஒரு முகாமின் பெயராக மட்டுமே நிலைத்துவிடுவது அந்த ஊருக்கும் நியாயமில்லை, நமக்கும் நல்லதில்லை.

முகாம் இருப்பது நெடுஞ்சாலையை ஒட்டி. அதற்கு வடக்கே சிறிது தூரத்தில்தான் உண்மையான ஹார்மண்ட்ஸ்வொர்த் இருக்கிறது. நடுவே ஒரு சிறிய புல்வெளி, இரண்டு பழைய மதுச்சாலைகள், 12ஆம் நூற்றாண்டு வாசலோடு நிற்கும் தூய மரியாள் தேவாலயம், செங்கல் வீடுகள் என்று சின்னஞ்சிறு ஊர். தெற்கே உலகின் மிக நெரிசலான விமான நிலையங்களில் ஒன்றான ஹீத்ரோ, வடக்கே எம்4 விரைவுச்சாலை, மேற்கே எம்25 விரைவுச்சாலை. இத்தனைக்கும் நடுவில் அந்த ஊர் அமைதியாக இருப்பதைப் பார்த்து முதல் முறை போகிறவர்கள் திகைத்துவிடுவார்கள். ஹீத்ரோவின் ஓடுபாதைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. ஊர் அவற்றுக்கு வடக்கே ஒதுங்கியிருப்பதால், ஹவுன்ஸ்லோவில் நம் கூரைகளை உரசிக்கொண்டு போவதுபோல் விமானங்கள் அங்கே தலைக்கு மேல் போவதில்லை. தேவாலயத்தைத் தாண்டிச் சற்று நடந்தால், கறுத்த மரப்பலகைச் சுவரும் செம்மண் ஓட்டுக் கூரையுமாக ஒரு நீண்ட கட்டடம் தெரியும். அதுதான் பெருங்களஞ்சியம்.

1420களின் நடுவில் வெட்டிய ஓக் மரங்களைக் கொண்டு 1426ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டியது. நீளம் ஏறத்தாழ 192 அடி, அகலம் 37 அடி, கூரை முகட்டின் உயரம் 39 அடி. இங்கிலாந்தில் இன்று நிற்கும் இடைக்கால மரக் களஞ்சியங்களில் இதற்கு இணையானவை மிகச் சில. சட்டப்படி இதற்கு முதல் தரப் பாதுகாப்பு உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கிடைக்கும் அதே தரம். கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை மிடில்செக்ஸ் மாவட்டத்தின் பேராலயம் என்று சொன்னார். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்க்கும் எவருக்கும் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கும். நடுவில் அகன்ற கூடம், இருபுறமும் தாழ்ந்த பக்கக் கூடங்கள், இரண்டு வரிசைத் தூண்கள் என்று அமைப்பே தேவாலயம் போலத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் பிள்ளைகள் அதைக் களஞ்சியமாகவே பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். தானியத்தைக் காப்பாற்றுவதற்காக மனிதர்கள் இவ்வளவு அழகாக ஒன்றைக் கட்டினார்கள் என்பதே போதுமான பெருமை. அதற்கு வேறு பட்டம் தேவையில்லை.

தூண்களின் அடியைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எந்தத் தூணும் நேராக மண்ணில் ஊன்றப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கற்பீடத்தின் மீது நிற்கிறது. ஈரம் மரத்துக்குள் ஏறி அடி உளுத்துப்போகாமல் இருக்க அந்தக் கல். ஆறு நூற்றாண்டுகளாகத் தூண்கள் நிற்பதற்கு அது முக்கியமான காரணம். பிறகு கையெட்டும் உயரத்தில் இரண்டு மரங்கள் சேரும் மூட்டு ஒன்றைக் காட்டுங்கள். ஆணி இருக்காது. ஒரு மரத்தில் துளை, மற்றதில் நாக்கு. இரண்டையும் ஊடுருவி ஓக் முளை அடித்திருக்கும். சில முளைகளின் தலை இன்னும் விரற்கடை அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டுப் பார்த்தால் உளி பட்ட முகம் விரலில் தெரியும்.

மூட்டுகளுக்குப் பக்கத்தில் கூர்ந்து பார்த்தால், ரோம எண்களைப் போன்ற கீறல்கள் அகப்படும். தச்சர்களின் குறிகள் அவை. இடைக்காலத் தச்சர்கள் சட்டகத்தைத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு மூட்டையும் பொருத்திச் சரிபார்த்து, எது எதோடு சேரும் என்று குறியிட்டுவிட்டு, பிரித்து எடுத்துப்போய் நிறுத்துவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தச்சரும் அந்தக் குறியைப் படித்துவிடுவார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல புதையல் வேட்டை எங்கே கிடைக்கும்? தூண்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தக் காலத் தச்சர்கள் பெரும்பாலும் மரத்தைத் தலைகீழாக நிறுத்துவார்கள். வேர்ப்பக்கத்துப் பருத்த அடி மேலே வரும்படி. மேலேதான் உத்தரமும் குறுக்குச் சட்டமும் கூரையின் பாரமும் வந்து கூடுகின்றன. அத்தனை மூட்டுக்கும் இடம் வேண்டுமே.

இந்த மரத்துக்காகத் தச்சரைக் கிங்ஸ்டன் நகருக்கு அனுப்பிய செலவுக் கணக்குகூட எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எழுதி வைத்தது வின்செஸ்டர் கல்லூரி. களஞ்சியத்தைக் கட்டியவர்கள் அவர்களே. 1382இல் ஆயர் விக்கம் வில்லியம், வசதியற்ற 70 மாணவர்கள் படிப்பதற்காக அந்தப் பள்ளியைத் தொடங்கினார். பள்ளியை நடத்த நிலையான வருமானம் வேண்டும். அதற்காக 1391இல் ஹார்மண்ட்ஸ்வொர்த் பண்ணை நிலங்களை வாங்கினார். இந்த ஊர் மண்ணில் விளைந்ததன் வருமானம் அந்தப் பள்ளிக்குப் போனது. இதை நான் வேண்டுமென்றே பாடசாலைகளுக்கு எழுதுகிறேன். வாடகை மண்டபத்தில், பெற்றோர் சேர்த்த காசில், சனிக்கிழமைதோறும் பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒரு பள்ளியை உயிரோடு வைத்திருக்க என்ன தேவைப்படும் என்று நன்றாகவே தெரியும்.

ஆயர் வில்லியமுக்கு முன்பு இந்த நிலம் பிரான்சின் ரூவான் நகரத்து மடம் ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் 1069இல் அதை மடத்துக்குக் கொடுத்தான். நிலக்கொடையின் அடையாளமாக ஒரு கத்தியைக் கொடுக்க வேண்டும். மன்னன் அந்தக் கத்தியை மடத்தலைவரின் உள்ளங்கையில் குத்தப்போவதுபோல் விளையாட்டாக ஓங்கி, நிலத்தை இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னதாகச் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவர்களின் கதையையும் சொல்லுங்கள். 1270களில் ஹார்மண்ட்ஸ்வொர்த் குடியானவர்கள், தங்கள் மீது சுமத்தப்பட்ட கூலியில்லா வேலைகளை எதிர்த்து மடத்தின் மீது வழக்காடினார்கள். பழைய அரச நிலத்துக் குடிகள் நாங்கள், எங்களுக்கென்று உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். 1086இல் எடுத்த பெருங்கணக்கெடுப்பு ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படியொரு பதிவு இல்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள். ஏட்டில் பெயர் இல்லை, ஆகவே உரிமை இல்லை. நம்மில் பலர் இந்தத் தீர்ப்பை வேறு மொழியில், வேறு மேசைக்கு முன்னால் நின்று கேட்டவர்கள்.

சரி, களஞ்சியத்துக்குள் என்ன நடந்தது? கிழக்குப் பக்கத்தில் மூன்று பெரிய வாசல்கள் இருக்கின்றன. பாரம் ஏற்றிய வண்டி அப்படியே உள்ளே வரக்கூடிய உயரம். வாசலுக்கு நேரே உள்ளே களம். களத்தின் இரு பக்கமும் கோதுமை, வாற்கோதுமைக் கட்டுகளைக் கூரை வரை அடுக்கிவிடுவார்கள். அறுவடை முடிந்ததும் உடனே சூடடிப்பதில்லை. அங்கே ஆகஸ்டில் வெட்டியதைக் குளிர்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பார்கள். வெளியே பனி பெய்தாலும் உள்ளே வேலை நடக்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு பெரிய கூரை. ஒரு நீளக் கோலும் ஒரு குட்டைக் கோலும் தோல்வாரால் பிணைத்த அடிகோலைச் சுழற்றிக் கதிரை அடித்து, வாசல் வழியே வரும் காற்றில் தூற்றிப் பதரைப் பிரிப்பார்கள். 1970கள் வரை அந்தக் களஞ்சியம் பண்ணை வேலைக்குப் பயன்பட்டது.

இங்கேதான் நம் வீட்டு மூத்தவர்கள் வருகிறார்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மன்னாரிலோ வயல் செய்த அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் மேற்கு லண்டன் வீடுகளில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு அவர்களுக்குப் பேச விஷயம் குறைந்துகொண்டே போகிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்த எதுவும் இவர்களுக்குத் தெரியவில்லை. இவர்களுக்குத் தெரிந்த எதையும் இங்கே காட்ட இடமில்லை. சூடு வைப்பதையும், பொலி தூற்றுவதையும், சுளகால் புடைப்பதையும் கையை அசைத்து விளக்க ஒரு களம் வேண்டாமா? அந்தக் களஞ்சியத்தில் ஒரு முதியவர் வாசலுக்கு நேரே நின்று காற்று வரும் திசையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் நின்று தூற்றியிருப்பார்கள் என்று யாரும் சொல்லாமலே சொன்னதை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தன்னார்வலர் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். பிறகு இரண்டு பேரும் அடிகோலைப் பற்றியும் மாடு விட்டு மிதிப்பதைப் பற்றியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று மொழிபெயர்த்தது ஒரு பதினான்கு வயதுப் பெண். அன்று அவள் தமிழில் தேடிப் பிடித்த சொற்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பொலி, பதர், உப்பட்டி என்று அவள் அந்த முதியவரிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். தேர்வுத்தாளுக்காக நாங்கள் சொல்லிக்கொடுக்கும் சொற்களில் எத்தனை அவளுக்கு இந்த அளவுக்கு ஒட்டும்?

ஆகவே சுற்றுலாவுக்கு மூத்தவர்களையும் சேர்த்துக் கூட்டிச் செல்லுங்கள். இது என் உறுதியான வேண்டுகோள். அவர்கள் இல்லாமல் போனால் பிள்ளைகள் பெரிய கூரையொன்றைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்தக் களஞ்சியம் தானாக நிலைத்துவிடவில்லை என்பதையும் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1540களில் எட்டாம் ஹென்றியின் கைக்குப் போய், 1547இல் பாஜெட் குடும்பத்துக்கு வந்து, பல கைகள் மாறிய கட்டடம் இது. நம் காலத்திலேயே அது அழிவின் விளிம்புக்குப் போயிருந்தது. 2006இல் அதை வைத்திருந்த நிறுவனம் நொடித்துப்போனது. பிறகு கிப்ரால்டரில் பதிவான ஒரு நிறுவனம் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. ஆம், ஒரே ஒரு பவுண்டு. வாங்கிப் பூட்டிப் போட்டார்கள். ஓடுகள் சரிந்தன, பலகைகள் கழன்றன, மழை உள்ளே இறங்கத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் விடவில்லை. எழுதினார்கள், அதிகாரிகளின் கதவைத் தட்டினார்கள். 2009இல் அவசரப் பழுதுபார்ப்பு நடந்தது. 2012 ஜனவரியில், பழங்காலக் கட்டடங்களைப் பேணும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு அதை 20,000 பவுண்டுக்கு வாங்கிய செய்தி வந்தது. கூரையும் சட்டகமும் செப்பனிடப்பட்டு 2015இல் மீண்டும் மக்களுக்குத் திறந்தார்கள். இன்று கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறவர்கள் அந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள். சம்பளம் இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை.

இனி விமான நிலையத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

ஹீத்ரோ என்பது ஒரு குக்கிராமத்தின் பெயர். ஹார்மண்ட்ஸ்வொர்த் தேவாலயப் பங்குக்குள் அடங்கிய குடியிருப்பு அது. வளமான காய்கறித் தோட்டங்களும் பழமரங்களும் நிறைந்த மண். 1944இல் போர்க்காலச் சட்டத்தைக் கொண்டு நிலத்தை எடுத்து, வீடுகளை இடித்து, விமானத்தளம் கட்டினார்கள். 1946இல் அது பயணிகள் விமான நிலையமானது. நாம் வந்து இறங்கிய இடத்தின் பெயரை ஒரு காலத்தில் வீட்டு முகவரியில் எழுதியவர்கள் இருந்தார்கள்.

மூன்றாவது ஓடுபாதைத் திட்டம் ஹார்மண்ட்ஸ்வொர்த் மக்களின் தலைக்கு மேல் இருபது ஆண்டுக்கும் மேலாகத் தொங்குகிறது. 2009இல் அரசு அனுமதித்தது, 2010இல் வந்த புதிய அரசு கைவிட்டது. 2015இல் ஓர் ஆணையம் மீண்டும் பரிந்துரைத்தது. 2018 ஜூனில் நாடாளுமன்றம் 415க்கு 119 என்று ஏற்றுக்கொண்டது. 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டப்படி செல்லாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2025 ஜனவரியில் நிதியமைச்சர் திட்டத்துக்கு ஆதரவு அறிவித்தார். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பிறந்து பள்ளி முடித்து வெளியேறும் அளவுக்கு நீண்ட காலம், தங்கள் வீடு இருக்குமா போகுமா என்று தெரியாமலே அந்த மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். சுவருக்கு வண்ணம் பூசுவதா, கூரையை மாற்றுவதா, வீட்டை விற்பதானால் யார் வாங்குவார்கள் என்ற நிச்சயமின்மை எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2018இல் ஏற்ற கொள்கையின்படி 783 வீடுகள் போகும். பக்கத்து ஊர் லாங்ஃபோர்ட் முழுவதும், ஹார்மண்ட்ஸ்வொர்த்தின் பெரும்பகுதியும். களஞ்சியமும் தேவாலயமும் இடிபடாது என்பதே இதுவரை சொல்லப்பட்டிருப்பது. ஆனால் விமான நிலையத்தின் எல்லை அவற்றுக்கு மிக அருகே வந்துவிடும். களஞ்சியம் தப்பிவிட்டது என்று அதைக் கேட்டு யாரும் நிம்மதி அடையக்கூடாது என்பது என் கருத்து. ஊர் போனபின் அந்தக் கதவை யார் திறப்பார்கள்? அதன் ஓடு சரிந்தால் முதலில் யார் கண்ணில் படும்? ஒரு பவுண்டுக்கு விலைபோன காலத்தில் அதைக் காப்பாற்றியது முதல் தரப் பட்டியல் அல்ல. பட்டியல் அப்போதும் இருந்தது. பக்கத்தில் குடியிருந்து, தினமும் பார்த்து, குரல் கொடுத்த மனிதர்கள்தான் காப்பாற்றினார்கள்.

நான் அந்த ஓடுபாதையை எதிர்க்கிறேன். அதை மறைத்துக்கொண்டு இந்த மடலை எழுதுவது சரியாக இருக்காது. அதே நேரம், உங்களில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அந்த விமான நிலையம் என்பதும் எனக்குத் தெரியும். பயணப்பெட்டி ஏற்றுகிறவர்களாக, துப்புரவுப் பணியாளர்களாக, கடைகளில், பாதுகாப்புச் சோதனையில், இரவு வேலையில் நம்மவர்கள் அங்கே உழைக்கிறார்கள். விமானத்தில் வந்திறங்கி, விமான நிலையத்தில் வேலை செய்து, விமானத்தில் ஊருக்குப் போய்வரும் சமூகம் நாம். விரிவாக்கம் வந்தால் வேலை கூடும் என்று நம்புகிறவர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை. அவர்களும் அந்த ஊரை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். அரசின் கருத்துக் கேட்பு நடக்கும்போது மேற்கு லண்டன் தமிழர்களும் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்பது அவரவர் மனச்சாட்சி. முகாமையும் விமானத்தையும் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு எழுதினால் அது பாதி அறிவு.

போவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிற்றுக்கிழமைகளில் களஞ்சியம் திறந்திருக்கும். நம் பாடசாலைகள் பெரும்பாலும் சனிக்கிழமை நடப்பதால் வகுப்பு எதுவும் கெடாது. புறப்படுமுன் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் இணையதளத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எலிசபெத் தடத்தில் மேற்கு டிரேட்டன் வரை ரயில், அங்கிருந்து பஸ். உள்ளே குளிரும், மூத்தவர்களுக்கு வேனில்காலத்திலும் ஒரு மேலங்கி வேண்டும். தரை சமமாக இருக்காது, கைத்தடி வைத்திருப்பவர்கள் கொண்டுவரட்டும். வினாத்தாள் கொடுத்துப் பிள்ளைகளின் பொழுதைக் கெடுக்க வேண்டாம். ஒரு பென்சிலும் வெள்ளைத்தாளும் போதும். தச்சர் குறிகளை வரையட்டும், தூண்களை எண்ணட்டும். திரும்பும் வழியில் தேவாலயத் தோட்டத்துக்கும் போகலாம். கடையில் நாம் வாங்கும் கொக்ஸ் ஆப்பிளை 19ஆம் நூற்றாண்டில் பக்கத்துக் கோன்புரூக்கில் முதலில் வளர்த்த ரிச்சர்ட் கொக்ஸ் அந்த மண்ணில்தான் அடக்கமாகியிருக்கிறார்.

உயர்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பணி இருக்கிறது. களஞ்சியத்தைப் பற்றி இரண்டு பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றை அவர்கள் தயாரிக்கலாம். தூண், உத்தரம், முளை, களம், அடிகோல் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டு மூத்தவர்களிடமும் தச்சு வேலை தெரிந்தவர்களிடமும் கேட்டுச் சொல் திரட்டட்டும். முடித்ததும் தன்னார்வலர்களிடம் கொடுத்து, வாசலில் ஆங்கிலக் கையேட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்போம். சவுத்தோலிலும் ஹேய்ஸிலும் ஹாரோவிலும் இத்தனை ஆயிரம் தமிழர் வாழும்போது அது அதிகப்படியான கோரிக்கை இல்லை. அங்கே கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் யார் வந்தாலும் மகிழ்கிறவர்கள். நாம்தான் இதுவரை அதிகம் போகவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிடுங்கள். பெரிய குழுவாகப் போவதானால் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று தன்னார்வலர்களுக்கு முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இரண்டு மூன்று பாடசாலைகள் ஒரே நாளில் போய் நெருக்கியடிக்காமல் தேதிகளைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. கையேட்டு வேலையை என் வகுப்பு மாணவர்கள் தொடங்கத் தயாராக இருக்கிறார்கள். மற்றப் பாடசாலைகளிலிருந்து இரண்டிரண்டு பேர் வந்து சேர்ந்தாலும் போதும், கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.

அன்புடன்,
மேற்கு லண்டனில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியை